பாரம் ஏற்றாத சோதனை செல்லாது

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடங்களில் பிடிமானக்காரர் தன் மனைவியிடம் "முடியாது" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல நினைத்ததுண்டு. நெஞ்சை விட்டுப் புறப்படும்போது அது "முடியாது"தான். தொண்டைக்கு வரும்போது "முடியுமான்னு பாக்கறேன்" ஆகும். வாயைத் தாண்டி வெளியே விழும்போது "சரிம்மா" ஆகியிருக்கும். வழியில் யார் உட்கார்ந்து திருத்துகிறார்கள் என்று அவருக்கு இன்று வரை தெரியாது.

அந்த வியாழக்கிழமை காலை, ஒரு கன்னத்தில் நுரையும் மறு கன்னத்தில் வீரமுமாகக் கண்ணாடி முன் நின்று அவர் முடிவு செய்தார். இந்தத் தடவை முடியாது என்றால் முடியாது. தலை போனாலும் டாங்கோ ஆடுவதில்லை.

பிடிமானக்காரர் என்பது டயர் ஆலையில் வைத்த பெயர். எந்த டயர் ஈரத் தரையை எவ்வளவு பற்றும், எந்த வேகத்தில் வழுக்கும் என்று சோதித்து, தேறாததற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது அவர் உத்தியோகம். இருபத்தாறு வருடமாக அதே வேலை. அதனால் உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் அவருக்கு இரண்டே வகை: பற்றுபவை, வழுக்குபவை. குளியலறைத் தரை, மேலதிகாரியின் வாக்கு, மனைவியின் புன்னகை மூன்றும் இரண்டாவது வகை.

மனைவி ஆஸ்பத்திரியில் அறுவை அரங்கு நர்ஸ். டாக்டர் கை நீட்டுவார். கேட்க வாய் திறப்பதற்குள் கத்தரிக்கோல் கையில் இருக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி எங்கே என்று அவர் யோசிக்க ஆரம்பிக்கும்போதே அது அவர் கையில் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அவர் ஒரு சாக்கு யோசிக்க ஆரம்பிக்கும்போதே அதற்கான பதிலும் கையில் இருக்கும். அங்கேதான் குடும்பம் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை.

நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் மாலை டாங்கோ வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற தபால்காரம்மா. நாற்பது வருடம் தெருத்தெருவாக நடந்த கால் சும்மா இருக்க மாட்டேன் என்றதால் ஆட ஆரம்பித்தவர். நர்ஸம்மா மூன்று மாதமாக அங்கே போய்வந்தாள். டாங்கோ தனியாக ஆடும் ஆட்டம் இல்லை. எதிரே ஓர் ஆள் வேண்டும். வகுப்பில் பெண்கள் பதினொருவர், ஆண்கள் நால்வர். மீதிப் பேர் முறை வரும்வரை நாற்காலியில் காத்திருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரில பத்து மணி நேரம் நிக்கறேன். அங்க போயி உக்காந்துட்டு வர்றேன்," என்றாள் ஒருநாள். "வீட்ல ஒரு ஆள் சும்மாதானே படுத்திருக்கு."

சும்மா படுத்திருந்த ஆள் சோபாவிலிருந்து தலையைத் தூக்கினார். வெள்ளிக்கிழமை மாலை அந்தச் சோபாவின் ஒரு கைப்பிடியில் தலையும் மறு கைப்பிடியில் காலுமாகக் கிடப்பது அவர் ஒருவருக்கே உரிய ராஜ்யம். அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. அதைவிடப் பெரிய விஷயம், இதையும் விட்டுக்கொடுத்தால் இந்த ஜென்மத்தில் அவர் பேரில் ஒரே ஒரு வெற்றிகூட இருக்காது.

வாயால் மறுத்தால் வழியில் "சரிம்மா" ஆகிவிடும். ஆகவே எழுத்தில் மறுப்பது என்று வைத்துக்கொண்டார். அதிலும் நேராக மறுக்கக் கூடாது. ஆலையில் ஒரு டயரை வெளியே விடக் கூடாது என்றால் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. நிபந்தனை எழுதுவார்கள்.

டாங்கோ ஷூ எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். பிறகு எட்டு நிபந்தனை எழுதினார். அடிப்பாகம் சுழல்வதற்குத் தோதாக வழுக்க வேண்டும். அதே அடிப்பாகம் ஈரத்தில் வழுக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கக் குதிகால் உயரமாக இருக்க வேண்டும். தனக்குத் தட்டைப் பாதம் என்பதால் குதிகால் தாழ்வாகவும் இருக்க வேண்டும். குதிகாலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல்களைப் பிடிக்கவே கூடாது. வீட்டுச் செருப்பைப் போல இலேசாக இருக்க வேண்டும். பாதத்தின் வளைவைத் தாங்குமளவுக்கு விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் அதற்கு முந்தையதன் கழுத்தைப் பிடித்திருந்தது. இந்த எட்டையும் நிறைவேற்றும் ஷூவைப் பிரம்மனே செருப்புத் தைக்க உட்கார்ந்தாலும் தைக்க முடியாது.

கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டினார்.

"கண்டதப் போட்டுக்கிட்டு ஆடினா என் முட்டி போயிடும். இதுல எழுதினபடி ஒரு ஜோடி கிடைச்சா வர்றேன். கிடைக்கலன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்."

அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். சண்டைக்கு அவர் தயாராக இருந்தார். ஐந்தாறு வாக்கியம் மனப்பாடம்கூடச் செய்திருந்தார்.

"நியாயமாத்தான் இருக்கு," என்றாள். "எத்தன ஜோடி பாக்கலாம்?"

மனப்பாடம் செய்த வாக்கியங்களுக்கு இடமில்லாமல் போனது. ஆறு ஜோடி என்றார் தாராளமாக. வாரம் ஒன்று பார்க்கலாமா, வெள்ளிக்கிழமை மாலை என்றால் நல்லது, பகலெல்லாம் நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஷூ அளவு பார்க்க அதுதான் சரியான நேரம் என்றாள் அவள். அதுவரை தானும் வகுப்புக்குப் போகவில்லையாம். தபால்காரம்மாவிடம் பார்த்துத் திருப்பித் தருவதற்கு ஷூக்கள் கிடைக்குமாம். எல்லாவற்றுக்கும் அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தோற்கப் போகிறவர்களிடம் பெருந்தன்மையாக இருப்பது சுலபம்.

முதல் வெள்ளிக்கிழமை ஒரு கறுப்பு ஷூ வந்தது. கயிறு கட்டுவது. அடிப்பாகம் ரப்பர் இல்லை, மென்தோல். அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்ததுமே அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பிடிப்பே இல்லை. ஆலையில் இப்படி ஒரு டயர் வந்தால் அதைச் செய்தவனையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காலில் போட்டார். சிரிப்பு நின்றது.

பாதத்தை யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டது போல் இருந்தது. குதிகால் அசையவில்லை. விரல்கள் உள்ளே கால் நீட்டிப் படுத்துக்கொண்டன. இருபது வருடமாக மாலை ஆனால் வலிக்கும் அந்த வளைவு வாயே திறக்கவில்லை. அவர் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். குறை ஒன்றும் தட்டுப்படவில்லை. திரும்பி நடந்தார். நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்து, அவர் எழுதிய தாளில் ஒவ்வொன்றாகச் சரிக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது வரைக்கும் வந்துவிட்டாள்.

"இரு இரு," என்றார். "இது கணக்குல வராது."

"ஏங்க?"

"பாரம் ஏத்தாத சோதனை செல்லாது. வெறும் டயர உருட்டிப் பாத்து யாராவது சீட்டுக் குடுப்பாங்களா?"

"எவ்வளவு பாரம் வேணும்?"

"ஒரு ஆள் பாரமாவது..."

வாக்கியம் முடியவில்லை. அவள் இடக்கை அவர் தோளில் இருந்தது. வலக்கை அவர் இடக்கைக்குள் இருந்தது.

"அறுபத்திரண்டு கிலோ," என்றாள். "போதுமா?"

போதும் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது. நிபந்தனை போட்டவரே நிபந்தனைக்குப் பயப்படலாமா? அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். இரண்டாவது அடியில் சுவரலமாரி அதிர்ந்தது. மூன்றாவது அடி அவள் கால் மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நர்ஸம்மா சொல்லவில்லை. அவர் தரையை முறைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் தரையில் விட்டார். அது யாரும் தள்ளாமலே சமையலறைப் பக்கம் உருண்டு போனது. கூடம் நிஜமாகவே கோணல்தான். இருந்தாலும் கோணல் தரையில் நேராகப் போகாத ஷூ என்ன ஷூ? "பாரம் ஏற்றியதும் தடம் விலகுகிறது" என்று எழுதி, பெட்டி மேல் சிவப்புச் சீட்டு ஒட்டினார்.

ஒட்டி முடிப்பதற்குள் கீழ்வீட்டுத் தையற்காரர் மேலே வந்துவிட்டார். பீரோ ஏதாவது சாய்ந்துவிட்டதா, யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பழுப்பு ஷூ. ஆலையில் டயர் ஒரே சீரான வேகத்தில்தான் சுழலும், வேகம் ஏறி இறங்கினால் முடிவு செல்லாது என்று அவர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். சீரான வேகத்துக்கு வீட்டில் எங்கே போவாள்? அவள் செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். டாங்கோ இசை ஆரம்பித்தது. அது சுத்தமாகச் சீராக இருந்தது. அந்தத் தாளத்துக்குக் கால் வைக்காமல் நடப்பது, அதற்குக் கால் வைத்து நடப்பதைவிடச் சிரமம் என்று ஐந்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்தார். இருந்தும் சிவப்புச் சீட்டுத்தான். "கணுக்கால் பக்கம் உறுத்தல்."

மூன்றாவது வாரம் வளைவுச் சோதனை கேட்டார். நேர்ச்சாலையில் எல்லா டயரும் யோக்கியம்தான், வளைவில்தான் குணம் தெரியும் என்றார். அதற்கு உடல் பாரம் முழுவதையும் ஒரே காலில் வைத்து, விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில் சுழல வேண்டும் என்று அவள் செய்துகாட்டினாள். சுழன்றார். மென்தோல் தரையில் ஒரு பெருமூச்சைப் போலச் சத்தமிட்டுத் திரும்பியது. இருபத்தாறு வருடம் வழுக்குவதற்கு எதிராகப் போராடியவர் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே வழுக்கினார், விழவில்லை. இது எப்படி என்று பார்க்க இன்னொரு தடவை சுழன்றார். பிறகு இடப்பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? எட்டு தடவை ஆனது. "வளைவில் அளவுக்கு மீறிய உற்சாகம்" என்று எழுதினார். அப்படி ஒரு குறை ஆலையின் பட்டியலில் கிடையாது.

நான்காவது வாரம் அவர் கேட்டது தடைச் சோதனை. ஓட்டத்தில் சட்டென்று நிற்பது. அவர் எங்கே நிற்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் அவர் நின்ற கணத்தில் அவளும் நின்றிருந்தாள், ஒரு கால் பின்னே நீண்டபடி. குனிந்து பார்த்தார். அவள் கண் மூடியிருந்தது.

"ஏன் கண்ண மூடிட்டிருக்கே?"

"பாரம் கண்ணத் தொறந்து வெச்சுக்கணும்னு நீங்க எழுதலையே."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனவே ஆடினார், அதாவது சோதித்தார். அன்று சீட்டு எழுதுவதற்குக் காரணம் தேட அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. கடைசியில் பெட்டியில் கோந்து வாசனை அடிக்கிறது என்று எழுதினார்.

ஐந்தாவது வாரம் தையற்காரர் மறுபடி மேலே வந்தார். வெள்ளிக்கிழமை ஆனால் மேலே ஆள் நடமாட்டம் தெரியும், இன்றைக்குச் சத்தமே இல்லையே, யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று கவலையாகக் கேட்டார். கதவைத் திறந்த பிடிமானக்காரருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடமாக அறைத் தரையில் பாதத்தால் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரம் கடைசி ஜோடி. கருநீலம். அன்று எல்லாச் சோதனையையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார்: நேர், வளைவு, தடை, எட்டு. பாட்டு முடிந்தது. அவர் சோதனை முடியவில்லை. பாட்டே இல்லாமல் இன்னும் இரண்டு சுற்று வந்த பிறகுதான், குறை கண்டுபிடிக்க மறந்தே போனோம் என்று அவருக்கு உறைத்தது. வியர்த்தது. இருபத்து நான்கு வருடத்தின் ஒரே வெற்றி கண்முன்னே நழுவிக்கொண்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார், மடக்கினார், முகர்ந்தார். கயிற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு நுனி நூலளவு பிரிந்திருந்தது.

"பாத்தியா," என்றார், புதையல் எடுத்தவர் போல. "கயிறு பிரியுது. தேறல."

நர்ஸம்மா கயிற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எழுதினது எழுதினதுதான்," என்றாள். "ஆறும் தேறல. இனிமே நான் இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். கோபமில்லை, கண்ணீரில்லை. ஆறாவது சிவப்புச் சீட்டையும் ஒட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிடிமானக்காரர் அன்று சோபாவில் படுத்த படுக்கையில் உலகத்தையே ஜெயித்தவராக இருந்தார். மறுநாள் ஆலையில் காரணம் சொல்லாமலே எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஏழாவது வெள்ளிக்கிழமை நர்ஸம்மா பழையபடி வகுப்புக்குப் போய்விட்டாள். ராஜ்யம் முழுக்க அவருடையது. ஒரு கைப்பிடியில் தலை, ஒரு கைப்பிடியில் கால். ஆறரை மணி ஆனதும் கால் தானாக ஆட ஆரம்பித்தது. ரத்த ஓட்டம் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தார். மற்றக் காலும் சேர்ந்துகொண்டது. எழுந்து போய்த் தேநீர் போட்டு, கோப்பையோடு சமையலறை வாசலில் விரல்மேட்டில் ஒரு சுழல் சுழன்றார். வீட்டுச் செருப்பின் ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டது. கால் நின்றது, உடம்பு திரும்பியது, தேநீர் நேராகப் போய்ச் சுவரில் அடித்தது. ஒரு பொருள் தரையைப் பற்றியதற்காக அவர் அதைத் திட்டியது அதுவே முதல் தடவை.

அவள் திரும்பி வந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டார், கேட்காதது போல.

"உக்காந்திருந்தேன்," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அதுதான் அவரை அரித்தது. கெஞ்சினால் மறுக்கலாம். கோபித்தால் எதிர்க்கலாம். ஒன்றுமே கேட்காத ஒருத்தியை மனுஷன் எப்படி எதிர்த்து நிற்பது? ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் கால் வைத்து வைத்துப் போனார். இடுப்புப் பிடிப்பா என்று உடன் வேலை செய்பவர் கேட்டார். பல் துலக்கும்போது தன்னையறியாமல் எட்டுப் போட்டு, குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டார்.

எட்டாவது வாரம் புதன்கிழமை, வேலைக்கு நடுவே, அவருக்கு ஞானோதயம் உண்டானது. காற்று அடைக்கும் வாயின் மூடி தொலைந்துபோனது என்பதற்காக யாராவது டயரை நிராகரிப்பார்களா? மூடி வேறு, டயர் வேறு. அப்படியானால் கயிறு வேறு, ஷூ வேறு. ஆறாவது ஜோடிக்குக் கொடுத்த சிவப்புச் சீட்டு செல்லாது. இது ஆட ஆசைப்பட்டு எடுத்த முடிவு அல்ல. தொழில் தர்மம்.

இதை மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால் தோல்வி. ஆகவே வேறு வழி பார்த்தார். வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பி, அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில், தபால்காரம்மாவிடமிருந்து அந்தக் கருநீல ஜோடியை வாங்கிவிடுவது. வெள்ளிக்கிழமை வகுப்பு நடுவில் திடீரென்று போய் நிற்பது. யாரும் கூப்பிட்டு வந்தவனல்ல, வரத் தோன்றியது வந்தேன் என்று தலை நிமிர்ந்து சொல்வது. நாற்காலியிலிருந்து அவள் அண்ணாந்து பார்க்கும் முகத்தை நினைத்தபோதே அவருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவள் எதிர்பார்க்காத ஒன்றை அவர் செய்யப் போகிறார்.

மறுநாள் மாலை அவர் போனபோது கூடத்தில் தபால்காரம்மா ஒருவர்தான் இருந்தார். ஒரு ஷூவைக் கவிழ்த்து, அழுக்கேறி வழவழப்பான அதன் மென்தோலைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தார். பிடிமானக்காரர் தொண்டையைச் செருமினார். தான் இன்னாருடைய வீட்டுக்காரர் என்றும், ஆறாவது ஜோடியைப் பற்றிய பரிசோதனை முடிவில் ஒரு தொழில்நுட்பப் பிழை நேர்ந்துவிட்டது என்றும், அதைத் திருத்துவது தன் கடமை என்றும் ஆரம்பித்தார். கயிறும் ஷூவும் வேறு வேறு என்கிற இடத்துக்கு வருவதற்குள் அந்த அம்மா எழுந்து போய் அலமாரியைத் திறந்துவிட்டார்.

பெட்டி புதிது. அதில் சிவப்புச் சீட்டு இல்லை. உள்ளே கருநீலம், அவர் அளவு, யார் காலும் படாதது.

"இது நான் போட்டுப் பாத்த ஜோடி இல்லையே," என்றார்.

"அது எல்லாரும் போட்டுப் பாக்கறது தம்பி. இது உங்களுக்குன்னு உங்க வீட்டம்மா வாங்கி வெச்சது. உங்களுக்கு முதல் ஜோடி எடுத்துட்டுப் போனாங்களே, அன்னிக்கே."

அவர் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றார். இதுதான் வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஆறு ஜோடியை எதற்குச் சுமந்தாள் என்று கேட்டார், குரலில் கொஞ்சம் அதிகாரத்தோடு. அதிகாரம் ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது.

"ஆறும் ஒரே அச்சுல செஞ்சதுதான். நிறம்தான் வேற வேற," என்றார் தபால்காரம்மா. "அந்தச் சீட்டையெல்லாம் நான் படிச்சேன். வளைவுல உற்சாகம்னு எழுதியிருந்தீங்களே, அத எடுத்து வெச்சிருக்கேன்."

இருபத்தாறு வருட அனுபவம் அவருக்குள் எங்கேயோ காற்று இறங்கும் சத்தத்தோடு சப்பென்று உட்கார்ந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. நாளைக்கு வகுப்பு நடுவில் வந்து நிற்கும் திட்டம் இன்னும் முழுசாக இருக்கிறதே. அது அவளுக்குத் தெரியாதே. பெட்டியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தான் இன்று வந்தது வீட்டில் தெரிய வேண்டாம் என்று மிடுக்காகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இருங்க தம்பி, அதுல இன்னும் கயிறு கோக்கல," என்றார் தபால்காரம்மா, நாற்காலி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தியபடி. "ஒன்பதாவது வாரந்தான் வருவாரு, அதுக்குள்ள கோத்து வெச்சாப் போதும்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீங்க."